கப்பல் விட்ட மூச்சு

கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கும் வேலை அவளுக்கு. இருட்டறையில் எதிரே உட்காருபவரின் மூக்கில் கனத்த சட்டத்தை மாட்டி, வில்லைகளை ஒவ்வொன்றாகச் செருகி, "இது தெளிவா இருக்கா, இல்ல இதுவா?" என்று நாள் முழுக்கக் கேட்பாள். அவள் மனம் நோகக் கூடாது என்று சிலர் "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அதுதான் அவளுக்கு ஆகாது. "எனக்காகச் சொல்லாதீங்க. கண்ணு என்ன சொல்லுதோ அதைச் சொல்லுங்க" என்பாள்.

சினிமாவிலும் அவள் அப்படித்தான். விண்வெளி, காலப் பயணம், எந்திர மனிதன் என்றால் முதல் நாளே போய்விடுவாள். கணவருக்காகக் குடும்பப் படங்களும் பார்ப்பாள். மறுநாள் காலை அவள் வெள்ளைக் கோட்டை மாட்டுவதற்குள் வரவேற்பில் இருக்கும் பெண்ணும் கீழ்த்தளத்து மருந்துக் கடைக்காரரும் வந்து நின்றுவிடுவார்கள். வெட்டு ஒன்று, துண்டு இரண்டாக அவள் பேசுவதைக் கேட்டு மருந்துக் கடைக்காரர்தான் 'கத்தரி' என்று பெயர் வைத்தார். அது நிலைத்துவிட்டது. டாக்டர்கூட ஒருநாள் மறந்துபோய், நோயாளி முன்னாலேயே "கத்தரி, அடுத்த ஆளை அனுப்பு" என்று கூப்பிட்டுவிட்டார்.

"இருநூறு வருஷம் கழிச்சு நடக்கற கதையாம்" என்பாள் கத்தரி. "கப்பல் நிறைய ஜனம். ஒருத்தர்கூட கண்ணாடி போடல. அந்த வில்லன் விஞ்ஞானி மட்டும் போட்டிருக்கான். அப்போ கெட்டவனுக்கு மட்டும்தான் கிட்டப்பார்வை வருமா?"

காலப் பயணப் படங்களில் அவளுக்கு வேறொரு குறை. "பழைய காலத்துக்குப் போனவன் நேரா ராஜாவைப் பாக்கறான், யுத்தத்தை நிறுத்தறான். ஒருத்தனாவது கழிப்பறை எங்க இருக்குன்னு கேட்டானா?"

குடும்பப் படங்களையும் விடமாட்டாள். "அந்த வீட்டுல யாருக்கு எந்த உண்மை தெரியணும்னாலும் கதவுக்குப் பின்னாடி நின்னுதான் தெரிஞ்சுக்கறாங்க. கதவை எல்லாம் கழட்டி வெச்சிருந்தா இடைவேளைக்கு முன்னாடியே படம் முடிஞ்சிருக்கும்." பார்வை போனவராக ஒரு பெரிய நடிகர் நடித்த படத்தை ஊரே கொண்டாடியபோது, அவள் மட்டும் உதட்டைப் பிதுக்கினாள். "அவர் தன் சொந்த வீட்டுலயே தம்ளரைத் தட்டி விடறார். நம்மகிட்ட வர்றவங்க யாரும் அப்படித் தட்டி விடறதில்ல. வந்த விருந்தாளி இடம் மாத்தி வெச்சாத்தான் தட்டும்."

பாராட்டவே மாட்டாள் என்றில்லை. ஒரு மட்டமான எந்திர மனிதன் படத்தில், அந்த எந்திரம் படிக்கட்டின் முன்னால் வந்து எந்தக் காலை முதலில் தூக்குவது என்று தெரியாமல் நின்ற ஒரே காட்சிக்காக அதைத் திரும்பப் போய்ப் பார்த்தாள். "அது நிஜம். மத்ததெல்லாம் விடுங்க" என்றாள்.

ஆனால் எந்தப் படத்துக்கும் அவள் அழுததில்லை. அவள் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். ஆள் வாட்டசாட்டம், மனசு வெண்ணெய். குடும்பப் படத்துக்குப் போகும்போது கைக்குட்டை இரண்டு எடுத்துக்கொள்வார், இரண்டும் நனைந்துதான் வீடு திரும்பும். இருட்டில் பக்கத்தில் திரும்பிப் பார்ப்பார். அவள் திரையில் பிழை தேடிக்கொண்டிருப்பாள். "நெஞ்சழுத்தக்காரி" என்பார். "உங்களுக்குத் தாராள நெஞ்சு. தண்ணி வரி போட்டாத் தெரியும்" என்பாள் அவள்.

அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மட்டமான படம் ஒன்றுக்கு அழுதாள்.

உலகமெல்லாம் ஓடிய படம். நம் மொழியில் குரல் மாற்றி வெளியிட்டிருந்தார்கள். பூமியிலிருந்து கிளம்பிய கிழட்டுக் கப்பல் ஒன்று பாதி வழியில் பழுதாகிறது. பின்னால் வந்த புதுக் கப்பலுக்கு எல்லோரும் மாறுகிறார்கள். நடுவில் ஒரு துரோகி, ஒரு காதல், ஒரு தகப்பன் மகளைப் பிரியும் காட்சி. கத்தரி கொட்டாவி விட்டாள். கடைசியில் எல்லோரும் போன பிறகு, பொறியாளன் வாசலில் நின்று கப்பலை நடத்தும் எந்திரத்திடம் எல்லாவற்றையும் அணைத்துவிடச் சொல்கிறான். படம் முழுக்கத் தட்டையாகப் பேசிய அந்தப் பெண் குரல் சொல்கிறது: "சரி. கடைசி விளக்கை மட்டும் நானே அணைத்துக்கொள்கிறேன்."

கத்தரிக்குக் கன்னத்தில் ஏதோ ஊர்வதுபோல் இருந்தது. தொட்டுப் பார்த்தாள். ஈரம். பூச்சியோ என்று கையைத் திரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அதற்குள் மற்ற கண்ணும் வழிய ஆரம்பித்தது.

கணவர் பார்த்துவிட்டார். கைக்குட்டையை நீட்டினார். அது காய்ந்திருந்தது, அவருக்கு அந்தப் படம் பிடிக்கவே இல்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அவர்தான் ஆரம்பித்தார். "அந்த அப்பா பொண்ணைப் பிரியற சீன்தானே? உங்கப்பா ஞாபகம் வந்திருக்கும்."

"அந்த சீன்ல நான் அவன் சட்டைப் பித்தானைப் பாத்துட்டிருந்தேன். ஒரு தடவை போட்டிருக்கு, ஒரு தடவை திறந்திருக்கு."

"அப்போ எதுக்கு அழுதே?"

"அதான் தெரியல." அவள் குரலில் வருத்தம் இல்லை. வில்லை எண் பொருந்தாத நோயாளியிடம் பேசும் குரல் அது.

மறுநாள் வேலை முடிந்ததும் டாக்டரின் அறைக் கதவைத் தட்டினாள். டாக்டர் அவளைவிட இளையவர், சிரிக்காமல் கிண்டல் செய்பவர்.

"மேடம், என் கண்ணை ஒருதடவை பாருங்க. காரணமில்லாம தண்ணி வந்துச்சு."

டாக்டர் கீழிமைகளில் மெல்லிய காகிதப் பட்டைகளைச் செருகினார். கண்ணீர் எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்கும் சோதனை. தினமும் மற்றவர்களுக்கு அவளே செய்வது. பட்டைகள் தொங்க, அசையாமல் உட்கார்ந்தபடி நடந்ததைச் சொன்னாள். டாக்டர் பட்டைகளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"கண்ணுல ஒரு குறையும் இல்ல. சுரப்பு நல்லா இருக்கு, வடிகாலும் நல்லா இருக்கு. நாலு பேர் அழற மாதிரிதான் அழுதிருக்கே. ஏன் அழுதேன்னு கேட்டா அது என் டிபார்ட்மென்ட் இல்ல."

"எந்த டிபார்ட்மென்ட் மேடம்?"

"படத்தைத் திரும்பப் பாரு" என்றார் டாக்டர்.

போனாள். இந்த முறை தனியாக, விடுமுறை நாள் ஒன்றில், மதியக் காட்சிக்கு. என்ன வரப்போகிறது என்று தெரிந்துகொண்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். துரோகி வந்தபோது கண்ணில் ஒன்றும் இல்லை. காதலுக்கு ஒன்றும் இல்லை. பொறியாளன் வாசலுக்கு வந்தான். அவள் கண்களை மூடிக்கொண்டாள். காட்சிதான் காரணமென்றால் பார்க்காவிட்டால் அழுகை வரக் கூடாது அல்லவா?

"சரி" என்றது எந்திரம். பிறகு ஒரு சின்ன மூச்சு. பிறகு, "கடைசி விளக்கை மட்டும்..."

மூடிய இமைக்குள்ளிருந்தே வந்துவிட்டது. கத்தரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிடிபட்டதை நழுவவிடாமல் வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்: மூச்சு. எந்திரம் மூச்சு விடுகிறது. படம் முழுக்க எங்கேயும் விடவில்லை, இந்த ஒரு இடத்தில் மட்டும் விடுகிறது.

இதை யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும். படம் முடிந்து எல்லோரும் எழுந்து போனார்கள். துப்புரவுக்காரர் துடைப்பத்தோடு வந்து அவள் வரிசையின் முனையில் நின்றார். "படம் முடிஞ்சிருச்சும்மா." "இன்னும் பேர் போயிட்டிருக்கே" என்றாள். ஆயிரக்கணக்கான பெயர்கள் போன பிறகு, கடைசியில் நம் எழுத்தில் நாலைந்து வரிகள் வந்தன. குரல் கொடுத்தவர்களின் பெயர்கள் இருந்தன, யார் எந்தக் குரல் என்று இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தின் பெயரும் இருந்தது.

ஒலிப்பதிவுக் கூடத்தின் எண்ணைத் தேடி எடுத்து, மதிய இடைவேளையில் வில்லைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு அழைத்தாள். எடுத்தவர் எச்சரிக்கையாகப் பேசினார்.

"புகாரா?"

"இல்லைங்க. ஒரு சந்தேகம். கப்பல் பேசுதே, அந்தக் குரல் யாருதுன்னு..."

"ஏதாவது தப்பாப் பேசியிருக்காங்களா?"

"தப்பு இல்லைங்க. மூச்சு விட்டிருக்காங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். பிறகு, "நம்பரைக் கொடுங்க. அவங்ககிட்ட சொல்றோம்" என்று வைத்துவிட்டார். இது நடக்கிற காரியமில்லை என்று அவள் நினைத்தாள்.

அந்த வாரக் கடைசியில், துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. கரகரவென்று, மணலில் சட்டியைத் தேய்ப்பதுபோல ஒரு குரல். "மூச்சைப் பத்திக் கேட்டது நீங்கதானா?"

"ஆமாங்க. நீங்க ஒலிப்பதிவுக் கூடத்து சாரா?"

"சார் இல்லம்மா. நான்தான் அந்தக் கப்பல்."

கத்தரி ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றாள். திரையில் கேட்டது கண்ணாடிபோல வழுக்கும் குரல். இது அதற்கு எந்த விதத்திலும் உறவில்லை. குரல்காரி சிரித்தார். சிரிப்பும் கரகரத்தது. "நம்ப முடியலைல்ல? எனக்கே காலையில எழுந்தா நம்ப முடியறதில்ல. நேர்ல வாங்க, பேசுவோம். போன்ல ரொம்ப நேரம் பேசினா வலிக்குது."

அவர் வீடு நாலாவது மாடியில் இருந்தது. மின்தூக்கி ஓடவில்லை. நானும் வருகிறேன் என்று கணவரும் கூட வந்திருந்தார். அவர் அதற்குள் குரல்காரிக்குக் 'கப்பலம்மா' என்று பெயர் வைத்துவிட்டார், வாய் தவறி முகத்துக்கு நேராகவே அப்படிக் கூப்பிட்டும்விட்டார். கப்பலம்மாவுக்கு அது பிடித்துப்போனது. ஐம்பது வயதைத் தாண்டியவர். கழுத்தில் ஒரு மெல்லிய துணியைச் சுற்றியிருந்தார். படுக்கையறைச் சுவர் அலமாரியைத் திறந்து காட்டினார். உள்பக்கம் முழுக்கப் போர்வை வைத்துத் தைத்திருந்தது.

"வீட்டுல பேசிப் பழகறதுக்கு இதுக்குள்ளதான் உக்காருவேன். விளம்பரம், கார்ட்டூன் குருவி, ராணி, அழற மருமக, எல்லாம் இங்கதான் பிறந்துச்சு. இப்போ புடவை தொங்குது."

குரல் நாணில் சிறு கட்டி வளர்ந்திருந்தது. அறுத்து எடுத்தாக வேண்டும், எடுத்தபின் பழைய குரல் வருமா என்று சொல்ல முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கப்பல் படம்தான் அறுவைச் சிகிச்சைக்கு முன் செய்த கடைசி வேலை. அந்த வசனம்தான் அதில் கடைசியாகப் பேசியது.

கணவர் கைக்குட்டையைத் தேட ஆரம்பித்தார். கத்தரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. "அதான்" என்றாள். "குரலுக்கு விடை கொடுத்திருக்கீங்க. அதுதான் அந்த மூச்சு."

கப்பலம்மா தலையை ஆட்டினார். "நல்லா இருக்கு கேக்கறதுக்கு. ஆனா அப்படி இல்ல. தொண்டை எரிஞ்சுது. அந்த வரி நீளம். ஒரே காத்துல பேச முடியல. 'சரி' சொன்னதும் தீந்து போச்சு, திரும்ப இழுத்தேன். அவ்வளவுதான்."

"மனசுல ஒண்ணுமே நினைக்கலையா?"

"பொய் சொல்ல மாட்டேன். வீட்டுல கேஸ் அடுப்பை அணைச்சேனா இல்லையான்னு நினைச்சிட்டிருந்தேன்."

கணவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டார். கத்தரி மட்டும் விடவில்லை. "அப்போ எனக்கு ஏன் அழுகை வந்துச்சு?"

"அதை நீங்கதான் சொல்லணும். நான் படத்தைப் பாக்கவே இல்ல. என் குரலைக் கேக்கறதுக்குத் தெம்பு இல்ல." பிறகு கேட்டார்: "உங்களைக் கத்தரின்னு கூப்பிடுவாங்களாமே. இவர் சொன்னார். உண்மையைச் சொல்லுங்க. என் வேலை எப்படி இருந்துச்சு?"

கணவர் மனைவியின் காலை மெல்ல மிதித்தார். கத்தரி காலை நகர்த்திக்கொண்டாள்.

"படம் முழுக்கக் கட்டை மாதிரிப் பேசறீங்க. எந்திரம்னா தட்டையாப் பேசணும்னு யாரோ சொல்லி, நீங்களும் அதையே பிடிச்சுக்கிட்டீங்க. எங்க ஆஸ்பத்திரி லிஃப்ட் இதைவிட ஆசையா 'கதவு மூடுகிறது'ன்னு சொல்லும். அந்த ஒரு வரி மட்டும்தான் உயிரோட இருக்கு."

கப்பலம்மா கழுத்துத் துணியைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "ஆபரேஷனுக்கு அப்புறம் பாக்க வந்தவங்க எல்லாம் 'உங்க குரல் தேன், உங்க குரல் குயில்'னு சொல்லிட்டுப் போனாங்க. பிணத்துக்கு மாலை போடற மாதிரி. லிஃப்ட்டைவிட மோசம்னு சொன்னது நீ ஒருத்திதான்" என்றார். அப்போதுதான் 'நீங்க' போய் 'நீ' வந்தது. "படம் இன்னும் ஓடுதா?"

ஊர்க்கோடியில் ஒரே ஒரு அரங்கில், மதியக் காட்சியாக மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மூவரும் போனார்கள். அங்கங்கே ஏழெட்டுப் பேர்தான் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வசனத்திலேயே கப்பலம்மா விரலைக் காதில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் எடுத்தார். பிறகு மெல்லச் சிரிக்க ஆரம்பித்தார். "ஐயோ, எப்படி இழுக்கறேன் பாரு. கட்டைதான். நீ சொன்னது சரி" என்று கத்தரியின் முழங்கையில் தட்டினார். முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பி முறைத்தார். படத்தில் பேசுகிற ஆளையே பேசாதே என்று முறைக்கிறாரே என்று கணவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. கத்தரி திரையைப் பார்க்கவில்லை, கப்பலம்மாவைப் பார்த்தாள். "சரி" என்றது கப்பல். மூச்சு. கப்பலம்மாவின் வாய் தானாகத் திறந்து, அந்த மூச்சோடு சேர்ந்து காற்றை இழுத்தது. பிறகு உதடுகள் சத்தமில்லாமல் மிச்ச வரியைச் சொல்லி முடித்தன. கை நாற்காலிப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. விளக்குப் போட்டதும் அவர் எழுந்திருக்கவில்லை.

"ரெக்கார்டிங் பண்ணின பையன் எல்லா மூச்சையும் வெட்டிட்டான். எந்திரம் மூச்சு விடாதுன்னு ஒண்ணு விடாம வெட்டிட்டான். இதை மட்டும் ஏன் விட்டான்?" என்றார்.

இப்போது கேள்வி இரண்டு பேருடையதாகிவிட்டது. அரங்கின் வாசலில் தேநீர் குடித்தபடியே கப்பலம்மா ஒலிப்பதிவுக்காரரை அழைத்து, கத்தரியும் கேட்கும்படி வைத்தார். அறுவைக்குப் பிறகு அவருடன் பேசுவது அதுதான் முதல் தடவை. யாரென்று சொல்லிப் புரியவைக்கவே நேரமாயிற்று.

"அதுவா" என்றார் ஒலிப்பதிவுக்காரர். "வெட்டித்தான் பாத்தேன் அக்கா. வெட்டினதும் அந்த வரி செத்த மாதிரி ஆயிருச்சு. திரும்ப ஒட்டி வெச்சேன். மேல யாராவது கேட்டா எடுத்துக்கலாம்னு நினைச்சேன். ஒருத்தரும் கேக்கல. எனக்கும் ஏன்னு சொல்லத் தெரியல." கொஞ்சம் தயங்கினார். "அக்கா, உங்க குரல் இப்போ இப்படித்தான் இருக்குமா?"

"இப்படித்தான்."

"சரி. நான் அப்புறம் பேசறேன்."

கப்பலம்மா கைபேசியை வைத்துவிட்டு, இனி பேசமாட்டான் என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார். கத்தரிக்கும் அப்படித்தான் பட்டது. அவள் அழுகையின் காரணமும் பிடிபடவில்லை. பேசியவருக்குக் காற்றுப் போதவில்லை, வெட்டியவருக்குக் கை வரவில்லை, கேட்டவளுக்குக் கண் தாங்கவில்லை. மூன்று பேரில் ஒருவருக்கும் ஏன் என்று தெரியவில்லை. வீடு திரும்பும்போது இதை அவள் கணவரிடம் சொன்னாள். "உனக்குத் தெரியாத ஒண்ணு இருக்குங்கறதே எனக்குப் பெரிய செய்தி" என்றார் அவர்.

ஆனால் ஒலிப்பதிவுக்காரர் பேசினார். சில மாதங்கள் கழித்து, வேற்றுக் கிரகத்தை ஆளும் ஒரு கிழட்டு ராணிக்கு அப்படியொரு கரகரத்த குரல் தேவைப்பட்டது. தேடி அலைந்தவர்களிடம் அவர் கப்பலம்மாவின் எண்ணைக் கொடுத்திருந்தார். அலமாரியிலிருந்து புடவைகள் வெளியே வந்தன. கத்தரி தன் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய், கதவுக்கு வெளியே முக்காலியில் உட்கார்ந்து கேட்பாள். "இது நிஜமா இருக்கா, இல்ல இதுவா?" என்று உள்ளிருந்து குரல் வரும். "முதல்ல சொன்னது" என்பாள். சில சமயம், "ரெண்டும் இல்ல. தண்ணி குடிச்சிட்டு வாங்க."

படம் வெளியான அன்றே கணவனும் மனைவியும் போனார்கள். இரவு உணவுக்கு முன்பே கப்பலம்மாவிடமிருந்து அழைப்பு வந்துவிட்டது.

"சொல்லு."

"ஆரம்பத்துல ரொம்பக் கத்தறீங்க" என்றாள் கத்தரி. "ராணின்னா கத்த வேண்டியதில்ல, முணுமுணுத்தாலே ஓடி வருவாங்க. சண்டை சீன்ல பரவாயில்ல. ஆனா அந்தச் சிறைக்குள்ள உக்காந்து மகன்கிட்டப் பேசற இடம் இருக்கே அக்கா, அது ரொம்ப நல்லா வந்திருக்கு. அழுகை வரல. ஆனா வர்ற மாதிரி இருந்துச்சு. இதுவரைக்கும் நீங்க செஞ்சதுலயே அதுதான் நிஜம்."

அந்தப் பக்கம் கரகரவென்று சிரிப்பு, இருமலாக மாறும் அளவுக்கு.

"அது நான் இல்லடி. அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். மறுநாள் படத்தை அனுப்பியாகணும்னு யாரையோ பிடிச்சிட்டு வந்தாங்க. என் தொண்டை மாதிரியே இருக்கற ஒரு ஆம்பளை பேசினார்."

கத்தரி சமையலறை வாசலில் நின்றாள். தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்த கணவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன என்று சைகையால் கேட்டார். தன் காது ஏமாந்ததற்கு அவள் வெட்கப்பட்டிருக்கலாம். ஆனால் அவள் முகத்தில் அது இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்துகொண்டாள்.

"அக்கா" என்றாள், "அவர் யாரு? நம்பர் கிடைக்குமா?"